புல் கூரைக்கு ஒரு மாடு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் புல் வேய்ந்த கட்டடம் என்று நான் பிறந்ததிலிருந்து பார்த்தது ஒன்றே ஒன்றுதான். மாதா கோயிலில் வருஷா வருஷம் போடுகிற கிறிஸ்மஸ் குடில். கைவிட்ட தேயிலை மலையில் ஆளுயரத்துக்கு வளர்ந்து கிடக்கும் மானாப்புல்லை வெட்டிக்கொண்டு வந்து வேய்வார்கள். அதில் குடியிருப்பவை களிமண் பொம்மைகள். ஜனவரித் திருநாளில் மூன்று ராஜாக்கள் வந்து போனதும் குடிலைப் பிரித்துப் புல்லை யாராவது மாட்டுக்கு அடியில் பரப்பக் கொண்டுபோய்விடுவார்கள். மற்றபடி நாங்கள் எல்லோரும் தகரத்துக்குக் கீழே பிறந்து தகரத்துக்குக் கீழே வளர்ந்தவர்கள். மழை பிடித்தால் லயத்து வரிசை வீடுகளுக்குள் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. எங்கள் வீடுகளில் புருஷன் பெண்சாதி சண்டை பெரிதாக வளராததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகவே, கொழும்பிலிருந்து வந்த ஒரு மனிதர் புல் கூரைதான் உங்கள் பாரம்பரியம் என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கச்சி சிரிக்கவில்லை. அவளுக்கு அது சிரிக்கிற விஷயமாக இல்லை.

தங்கச்சி அப்போதுதான் குவைத்திலிருந்து திரும்பியிருந்தாள். வீட்டு வேலைக்கு அவள் போனபோது மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது அந்தப் பிள்ளை நான் படிப்பிக்கிற தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. அம்மா எங்கே என்று கேட்டால் போனைக் காட்டும். தங்கச்சியின் புருஷன் கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. பிள்ளை என்னோடும் எங்கள் அம்மாவோடும் வளர்ந்தது.

வந்த கையோடு அவள் செய்த காரியம், தோட்ட எல்லைக்கு வெளியே ஒரு சிங்களக் குடும்பத்திடமிருந்து ஒரு துண்டு நிலம் வாங்கியது. டயகமப் பக்கத்து மலை முழுவதும் அங்கிருந்து தெரியும். கொழும்புக்காரர் வெளிநாட்டு ஆட்களைத் தேயிலைக்குள் நடக்கக் கூட்டிக்கொண்டு போகிறவர். ஒருநாள் அந்த நிலத்தில் நின்று மலையைப் பார்த்தார். இங்கே ஒரு சின்ன அறை கட்டுங்கள், தங்குவதற்கு ஆட்களை நான் அனுப்புகிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. தகரம் கூடாது, அஸ்பெஸ்டஸ் கூடாது, பாரம்பரியமாக இருக்க வேண்டும். பாரம்பரியம் எப்படி இருக்கும் என்று தன் போனில் ஒரு படம் காட்டினார். படத்தில் வீட்டுக்குப் பின்னால் தென்னை மரமும் கடலும் இருந்தன.

"இது ஓடலன்னா நான் திரும்ப குவைத்துக்குப் போறதுதாங்க்கா" என்றாள் தங்கச்சி, அவர் போன பிறகு. சாதாரணமாகத்தான் சொன்னாள். அவள் சாதாரணமாகச் சொல்வதையெல்லாம் செய்துவிடுவாள் என்பது எனக்குத் தெரியும்.

புல் வேய எங்கள் ஆட்களில் யாருக்கும் தெரியவில்லை. குடில் போடுகிற பையன்கள் முன்வந்தார்கள், ஆனால் அவர்கள் வேய்ந்த கூரை மூன்று ராஜாக்கள் வரும்வரை நின்றால் போதும். கடைசியில் கீழ்க் கிராமத்திலிருந்து ஒரு சிங்கள அண்ணன் வந்தார். இது மனிதர்கள் படுக்கவா என்று அவர் சிங்களத்தில் இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்றதும் கழுத்தைச் சொறிந்துகொண்டு ஏணியில் ஏறினார். கட்டி முடித்தபோது அழகாகத்தான் இருந்தது. பெரிய கண்ணாடி ஜன்னல், முன்னால் உட்காருவதற்கு ஒரு சின்ன இஸ்தோப்பு, கட்டில், உள்ளேயே டைல்ஸ் பதித்த பாத்ரூம், கமோட். கூரையிலிருந்து நனைந்த புல்லின் வாசனை வந்துகொண்டிருந்தது. எங்கள் பரம்பரையில் யாருமே குடியிருக்காத எங்கள் பாரம்பரிய வீடு தயாராகிவிட்டது.

கொழும்புக்காரர் வந்து பார்த்தார், படம் எடுத்தார், ரொம்பச் சந்தோஷம் என்றார். காரில் ஏறும்போதுதான், இன்சூரன்ஸ் எடுத்திருப்பீர்கள்தானே என்று கேட்டார். தீக்காப்புறுதி இல்லாத இடத்தில் வெளிநாட்டுக் கம்பனி தன் ஆட்களைப் படுக்க விடாதாம். அது கையில் வந்த அன்றைக்கே முதல் சோடியை அனுப்புவதாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வீட்டில் கந்தோர், கடுதாசி சம்பந்தமான வேலை என்றால் அது என் தலையில்தான் விழும். டீச்சராக இருப்பதற்கு இது ஒரு தண்டனை. நுவரெலியாவில் முதல் கம்பனிக்குப் போனேன். அங்கே மேசையில் இருந்த பெண்பிள்ளை, படிவத்தில் கூரை என்கிற இடத்துக்கு வரும்வரை சிரித்த முகத்தோடு எழுதிக்கொண்டிருந்தது. ஓடா, தகரமா, ஷீட்டா என்று கேட்டது. புல் என்றேன். பேனை நின்றுவிட்டது. உள்ளே போய்ப் பெரியவரைக் கேட்டுவிட்டு வந்து, கட்டடத்துக்கு முடியாது, டீச்சருக்கு வேண்டுமானால் ஆயுள் காப்புறுதி போடலாம் என்றது.

இரண்டாவது கம்பனியில் ஒரு நடுவயதுக்காரர், எனக்கு உதவி செய்யத்தான் பார்த்தார். புல்லை எடுத்துவிட்டுத் தகரம் போடுங்கள், நாளைக்கே தருகிறேன் என்றார். தகரம் போட்டால் ஆள் வராது, ஆள் வராவிட்டால் இன்சூரன்ஸ் எதற்கு என்று கேட்டேன். தகரத்துக்கு மேலே புல்லைப் போட்டால் என்ன என்று அவரே யோசித்து, அப்போதும் எரிவது புல்தானே என்று அவரே விடையும் சொல்லிக்கொண்டார். எங்கள் ஊரைப் பற்றி அவருக்கு எடுத்துச் சொன்னேன். வருஷத்தில் பெரும்பாதி மழையும் பனியும். அடுப்புப் பற்ற வைக்கவே தங்கச்சி அரைப் போத்தல் மண்ணெண்ணெய் ஊற்றுகிறாள். அந்தக் கூரைக்கு யாராவது வேண்டுமென்றே நெருப்பு வைத்தாலும் அது இருமிவிட்டு அணைந்துபோகும். அவர் தலையாட்டினார். சட்டம் கொழும்பில் போட்டது டீச்சர், அங்கே வெயில் என்றார்.

எனக்கு அங்கேதான் கோபம் வந்தது. லயங்கள் எரிவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டுக் காம்பராவில் வயர் கோளாறு என்றால் வரிசையே போய்விடும். பிள்ளைகளின் கொப்பி புத்தகம் முதற்கொண்டு ஒன்றும் மிஞ்சாது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லோரும் உடுத்த துணியோடு நிற்பார்கள். பிறகு வருவது அரிசி மூட்டையும் அதைக் கொடுக்கும்போது படம் எடுக்கிறவர்களும். ஆனால் அந்த லயங்களின் கூரை தகரம். கம்பனிகளின் கணக்கில் அது பாதுகாப்பான கூரை. அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு யாரும் காப்புறுதி கேட்டதுமில்லை, கொடுத்ததுமில்லை. லயம் எங்களுக்குச் சொந்தமில்லையே.

மூன்றாவது, ஹட்டனில் இருந்த ஒரு கம்பனி. இந்த முறை நேரில் போய் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. போன் பண்ணினேன். எடுத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி, மரியாதையாகப் பேசினார். முன்பு கொட்டேஜ், ஹோட்டல் என்றெல்லாம் பெரிதாகச் சொல்லித்தான் காரியம் கெட்டது என்று நினைத்து, இந்த முறை அடக்கமாக மடுவம் என்று சொல்லிவிட்டேன். மடுவம் என்றால் எங்களுக்குக் கொட்டகை. கொழுந்து நிறுக்கிற இடம் கொழுந்து மடுவம். தாய்மார் மலைக்குப் போனதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் பிள்ளை மடுவம். சிங்களத்திலிருந்து வந்து எங்கள் வாயில் ஒட்டிக்கொண்ட சொல்.

"சின்ன மடுவம்தான் சார். புல்லு போட்டது. இன்சூரன்ஸ் போட முடியுமா?"

"மடுவமோ? அதுக்கென்ன டீச்சர், போடலாம். புல்லுக் கூரை எண்டாலும் பரவாயில்லை. எத்தினை நிக்கும்?"

யாழ்ப்பாணத்து டீச்சர்மாரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை செய்தவள் நான். அவர்கள் பேச்சில் நிற்பது என்றால் தங்குவதும்தான் என்பது எனக்குத் தெரியும். அது தெரியாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

"ஒரு நேரத்துக்கு ரெண்டு சார். சில நேரம் குட்டியும் சேந்து வரும்."

"உள்ளூரோ, வெளிநாடோ?"

"எல்லாம் வெளிநாடுதான்."

"அப்ப இந்தக் குளிர் தாங்கும்."

"அதுங்களுக்கு இதெல்லாம் ஒரு குளிரே இல்ல சார். பகல்ல மலையில சுத்துறது, ராத்திரிக்கு மட்டும்தான் உள்ள."

சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டார். தங்கச்சி விடிய முன்னமே எழுந்து எல்லாம் பார்த்துக்கொள்வாள் என்றேன். உங்களைப் போல ஆட்கள்தான் முன்னுக்கு வர வேண்டும் என்று மனம் நிறைந்து சொன்னார். கட்டணமும் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. யாழ்ப்பாணத்து ஆட்களைப் பற்றி நான் அதுவரை சொல்லியிருந்த எல்லாவற்றையும் அன்றைக்கு மனதுக்குள் வாபஸ் வாங்கினேன்.

பத்திரம் தபாலில் வந்தது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நிறைய இருந்தது. தமிழில் ஒரே வரி: கால்நடைக் கொட்டில், புல் கூரை. தங்கச்சி அதை வாங்கி வாசித்துவிட்டு அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் எத்தனையோ வருஷமாகப் பார்க்கவில்லை. சிரித்து முடிந்ததும் முகம் சின்னதாகிவிட்டது.

அதிகாரிக்குத் திரும்பப் போன் பண்ணினேன். பாவம், அவர் என்னைவிடப் பதறிப்போனார். கந்தோரில் சிங்களத்தில் மடுவ என்று மாட்டுக் கொட்டிலைத்தான் சொல்கிறார்களாம். அந்தப் பகுதியில் அவர் பார்த்ததெல்லாம் மாட்டுக் காப்புறுதிதானாம். மடுவம் என்றால் மாடு என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. "நான் வளந்ததே பிள்ளை மடுவத்துலதான் சார்" என்றேன். அவர் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார்.

சரி, திருத்தி எழுதித் தாருங்கள் என்று கேட்டேன்.

"ஆக்கள் எண்டா ஏலாது டீச்சர். மாடு எண்டா ஏலும்."

நெருப்பு பிடித்தால் மனிதரைவிட மாடு சுறுக்காகக் கதவைத் திறந்துகொண்டு ஓடுமா என்று கேட்டேன். என் வாய் அப்படி. அவர் கோபிக்கவில்லை. மாட்டுக் கொட்டில் என்றால் எல்லா ஊரிலும் புல்லும் ஓலையும்தான், ஆகவே அதற்கு ஒரு திட்டம் இருக்கிறது. மனிதர் என்றால் இல்லை என்று விளக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாடு செத்தா என்ன விலை எண்டு தெரியும் டீச்சர். ஆக்களுக்கு அப்பிடிச் சொல்ல ஏலாதுதானே" என்றார். அவர் அதை மனிதருக்குப் பெருமையாகத்தான் சொன்னார். ஒரு மாதத்துக்குள் ஆள் வந்து மாட்டைப் பார்த்துக் காதில் இலக்கம் குத்தும், மாடு இல்லாவிட்டால் பத்திரம் ரத்து, இப்போதே நிறுத்திவிடட்டுமா என்று கேட்டார். தங்கச்சி என் கையிலிருந்து போனை வாங்கி, வேண்டாம் சார், மாடு வரும் என்றாள்.

எனக்கு இஷ்டமில்லை. கொழும்புக்காரருக்கு வேண்டியது பத்திரம், அதை உட்கார்ந்து வாசிக்கவா போகிறார் என்பது அவள் எண்ணம். தோட்டத்தின் மேல் டிவிஷனில் ஒரு வீட்டிலிருந்து மாடு விலைக்கு வந்தது. கறுப்பும் வெள்ளையுமான கலப்பு மாடு. அதிகாரியிடம் சொன்னபடியே வெளிநாட்டு ரத்தம். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. யாரைப் பார்த்தாலும் மூக்கால் ஒரு சத்தம் விடும். நிலத்தின் பின்பக்கம் நாலு கம்பு நட்டு, நீலப் பொலித்தீன் கட்டி அதற்கு இடம் பண்ணினோம்.

கொழும்புக்காரர் வந்தார். பத்திரத்தை வாங்கி, கண்ணாடி போட்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி முத்திரை வரை வாசித்தார். எங்கள் ஊருக்கு வருகிற பெரிய மனிதர்களில் எழுத்தை முழுவதுமாக வாசிக்கிற ஒரே ஆள் எங்களுக்கு வந்து வாய்த்தார். மடித்துத் தந்துவிட்டு, அந்தப் பக்கம் அசை போட்டுக்கொண்டிருந்த மாட்டையும் பார்த்தார். திட்டவில்லை. ஜெர்மன்காரருக்கு மாட்டுக் கொட்டிலில் இடம் கொடுத்தேன் என்று தெரிந்தால் என் கம்பனியை மூடிவிடுவார்கள், சரியான பத்திரம் கிடைக்கிற அன்றைக்குக் கூப்பிடுங்கள் என்றார். அதோடு போனவர்தான். எங்கள் வீட்டின் படம் மட்டும் அவருடைய விளம்பரத்தில் இன்னும் இருக்கிறது.

அந்த வாரம் முழுவதும் தங்கச்சி புது வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. புருஷன் கொழும்பிலிருந்து கூப்பிட்டு, இன்னும் ஒரு தரம் மட்டும் போய்விட்டு வரலாமே என்று இழுத்தாராம். பாஸ்போட்டை அலுமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்திருந்தாள். பிள்ளை அதை எடுத்து, தாயின் படத்தைப் பார்த்துவிட்டு, திரும்ப அலுமாரிக்குள் துணிக்கு அடியில் வைத்தது. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பிறகு தென்மேற்கு மழை இறங்கியது. ஒரு பின்னேரம் காற்று பொலித்தீனைக் கிழித்துத் தேயிலை மலைக்கு மேலால் கொண்டுபோய்விட்டது. மாடு நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றது. தங்கச்சி ஒன்றும் யோசிக்கவில்லை. கட்டிலைச் சுவர்ப் பக்கம் தள்ளினாள், கயிற்றைப் பிடித்தாள், படியேற்றி உள்ளே கொண்டுபோனாள். மாடும் தயங்கவில்லை. இத்தனை நாளும் இதற்காகத்தான் காத்திருந்ததைப் போல ஜன்னலோரமாகப் போய் நின்றது.

மாடு பார்க்கிற அதிகாரி வந்தது அந்த மழைக்குள்தான். சிங்களவர், நுவரெலியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். உள்ளே பளபளத்த தரையைப் பார்த்ததும் பழக்கத்தில் காலையும் துடைத்துக்கொண்டார். மாடு கண்ணாடி வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. காதில் இலக்கம் குத்தினார். கூரையைப் பார்த்தார், ஒழுக்கு இல்லையே என்று ஆச்சரியப்பட்டார். தன் வீட்டில் ஓடு, ஆனால் மூன்று இடத்தில் ஒழுகுகிறது என்றார். பாத்ரூம் கதவைத் திறந்து கமோட்டைப் பார்த்தவர் மாட்டையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். இது யாருக்கு என்று சிங்களத்தில் கேட்டார். அது முந்தைய திட்டம் என்று தங்கச்சி பதில் சொன்னாள். எத்தனையோ கொட்டில் பார்த்திருக்கிறேன், மாட்டை இப்படி வைத்திருக்கிற ஒரு வீட்டைப் பார்த்ததில்லை என்று அவளைப் பாராட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் முழுக் காப்புறுதியோடு படுக்கிற ஒரே ஜீவன் அந்த மாடு. தலைக்கு மேல் புல், கண்ணுக்கு நேரே மலை. நாங்கள் எல்லோரும் பழையபடி தகரத்துக்குக் கீழே. நடந்து போகிற வெள்ளைக்காரர்கள் வேலியோரம் நின்று மாட்டைப் படம் எடுக்கிறார்கள். பாரம்பரியம் என்று வழிகாட்டி விளக்குகிறான். தங்கச்சி காலையில் பாலைச் சேகரிக்கிற நிலையத்துக்குக் கொண்டுபோவாள். அதில் கோடீஸ்வரி ஆகவில்லை. ஏதோ ஓடுகிறது, மாடு சினைப்பட்டும் இருந்தது. ஆனாலும் குவைத் பேச்சு முடியவில்லை. பாஸ்போட் எங்கே என்று அவளும் தேடவில்லை, பிள்ளையும் சொல்லவில்லை.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஹட்டன் ஏஜென்சிக்காரர் ஒருநாள் நேரிலேயே வந்தார். அவளை முதல் தரம் அனுப்பியதும் அவர்தான். அவள் வேலை செய்த வீட்டு அம்மா வேறு யாரும் வேண்டாம், அவளையே அனுப்பச் சொல்கிறாராம். டிக்கட் அவர்கள் பொறுப்பு. எங்கள் லயத்து வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். நான் உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். முதல் தரம் அவர் இதே இடத்தில் உட்கார்ந்து கேட்டபோது, பிள்ளை சின்னது என்று தங்கச்சி சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கு அவர் கைவசம் பதில் வைத்திருந்தார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளா இல்லை, அது பாட்டுக்கு வளரும் என்றார். புருஷன் தலையாட்டினார், அம்மா தலையாட்டினார், லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரர்கள்கூட ஆமாம் என்றார்கள்.

"மாடு இருக்குங்கண்ணே" என்றாள் தங்கச்சி.

அவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, மாடு வேற நிக்குதா? எத்தன மாசம்?"

"ஆறு."

"அப்ப எப்புடி வர்றது? சினை மாட்ட விட்டுட்டு வர முடியாதுதான்" என்றார். ஒரு வார்த்தை மேலே பேசவில்லை. அந்த மாட்டின் பாலில் போட்ட தேத்தண்ணியைக் குடித்தார், நல்ல பால் என்றார், குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தங்கச்சி அவர் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு புல் அறுக்கக் கத்தியையும் சாக்கையும் எடுத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் சாக்கின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டது. படி இறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்பவே ஒரு மாடு வாங்கியிருக்கணும்க்கா" என்றாள்.